மெம்பர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவன்

மகன்,

போன சனிக்கிழமை கல்முனைச் சந்தையில் நான் பட்ட வெட்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். வேறு யாரும் உனக்குக் கை கால் வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் சேதாரம் குறைவு. மீன் பக்கம் நின்று ஒரு பாரைத் துண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் "மெம்பர்! மெம்பர்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். உன் வாப்பா என்ன செய்தேன் தெரியுமா? மீனைக் கீழே வைத்தேன். சேட்டுக் கொலரை இழுத்துவிட்டேன். கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தபடி திரும்பி, "வஅலைக்கும் ஸலாம், சொல்லுங்க" என்றேன். அவன் எனக்கு ஸலாமே சொல்லவில்லை. என்னைத் தாண்டிப் போய், அடுத்த தட்டில் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் முன்னால் நின்றான். தோளில் ஒரு பை, இடுப்பில் ஒரு குழந்தை. இப்போது மாநகர சபையில் மெம்பராக இருப்பவள் அவள்தான். மீன்காரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காக்கா, அது உங்களுக்கில்ல. உங்கட காலம் முடிஞ்சி. இந்தாங்க, பாரையப் புடிங்க" என்றான்.

என் காலம் என்று ஒன்று எப்போது இருந்தது, மகன்? மெம்பராக இருந்தது உன் உம்மா. அவள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் அந்தச் சொல்லுக்கு என் கழுத்து திரும்புகிறது.

அன்று பின்னேரம்தான் நீ கோல் எடுத்தாய். வரப்போகிற தேர்தலில் உங்கள் பக்கத்துப் பட்டியலில் மருமகள் ஷிபானாவின் பேரைப் போடக் கேட்கிறார்கள் என்றாய். கேட்கத்தான் செய்வார்கள். முன்பள்ளி நடத்துகிற பிள்ளை. மருதமுனையில் அவளிடம் அகரம் படிக்காத குழந்தையோ அவளைத் தெரியாத தாயோ கிடையாது. அதோடு நீ நிறுத்தவில்லை. "வாப்பா, பயப்பட ஒண்டுமில்ல. போஸ்டர்ல என்ட போட்டோவத்தான் போடுவாங்களாம். ஃபோன் நம்பரும் என்டதக் குடுத்தாப் போதுமாம். அவ கையெழுத்து வெச்சாச் சரியாம். வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு நான் ஓம் எண்டு சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "போட்டோவுக்கு முதல் அந்த மீசையக் கொஞ்சம் வெட்டு" என்று பகிடி விட்டுவிட்டு ஃபோனை வைத்தேன். நீயும் சிரித்தாய். இரண்டு பேரும் சிரித்துவிட்டால் வாப்பா பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்த வித்தையை நான் உன் உம்மாவிடம் பழகியது.

அதனால்தான் எழுதுகிறேன். த்ரீவீலர் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் உன் வாசலில் இறங்கலாம். ஆனால் முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் நான் திரும்பவும் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன். ஓ.எல். பரீட்சையை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கணக்கில் கவிழ்ந்து, பிறகு சீலைக்கடையில் முழம் அளந்தே வயதானவன் நான். எழுத்துப் பிழை இருக்கும். முன்பு நான் எழுதுவதையெல்லாம் உம்மா திருத்துவாள். இப்போது திருத்த ஆளில்லை, நீயே திருத்தி வாசி.

கடல் ஊருக்குள் வந்த காலையை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. உனக்கு எட்டு வயது, தங்கச்சி ஹஸ்னாவுக்கு நாலு. நான் கடையில் இருந்தேன். உம்மாவின் ஒரு கையில் நீ இருந்தாய், மறுகையில் அவள் இருந்தாள். உன் கை மிஞ்சியது. இதைப் பற்றி நம் வீட்டில் நாம் ஒரு நாளும் கதைத்ததில்லை. தங்கச்சியைக் கண்டெடுக்கக் கிடைத்ததே பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். மெய்தான், எத்தனையோ பேருக்கு அது கூடக் கிடைக்கவில்லை. கடலோரத்து மையவாடியில், தென்னை மரத்துக்குப் பக்கத்து வரிசையில், நானே குழிக்குள் இறங்கி அவளை வைத்தேன். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கமில்லை. உம்மா அவளைக் கடைசியாகக் கண்டது பள்ளிக்கூட அகதி முகாமின் விறாந்தையில்.

நாம் அந்த முகாமில் இருந்தபோதுதான் உன் உம்மா முதன்முதலாக வாய் திறந்து கதைத்தாள். நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் குடும்பத் தலைவர் பேர் என்று ஆண்களின் பேரை மட்டும் வாசித்தார்கள். மௌத்தானவர்களின் பேரையும் வாசித்தார்கள். யாரும் முன்னால் வராவிட்டால் அடுத்த பேருக்குப் போனார்கள். புருசனைப் பறிகொடுத்த பெண்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள், ஒருத்தியும் அசையவில்லை. உம்மா வரிசையை விட்டு நேராக அந்த மேசைக்குப் போனாள். "தம்பி, நீங்க கூப்பிடுற ஆம்புள கடலோட பொயிட்டார். அவர்ட பொஞ்சாதி இஞ்ச நிக்கிறா. அவட பேரக் கூப்பிடுங்க" என்றாள். அந்தப் பொடியன் என்னைப் பார்த்தான். இது உங்கட ஆளா, கொஞ்சம் கூட்டிப் போங்களேன் என்கிற பார்வை. நான் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இரிங்க" என்றாள். அன்று பெண்களின் பேர்கள் வாசிக்கப்பட்டன. பிள்ளையை மண்ணுக்குள் வைத்துப் பத்து நாள் கூட ஆகாதவள், மகன். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் மானம் போகிறதே என்றுதான் யோசித்தேன்.

பல வருசம் கழித்து, சபையில் பெண்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கட்சி அமைப்பாளர் ஹாஜியார் நம் வாசலுக்கு வந்ததும் அந்த முகாம் கதையால்தான். வந்தவர் அவளிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். நானும் கதிரையில் நிமிர்ந்திருந்து, குசினிப் பக்கம் திரும்பாமலே, "ஓம் ஹாஜியார், செய்வம்" என்றேன். தேத்தண்ணியோடு வந்த உம்மா, "எனக்கென்ன, மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சா?" என்று சிரித்தாள். அவளுக்கு விருப்பம் இருந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவளுடைய விருப்பத்துக்கும் சேர்த்து ஓம் சொன்னவன் நான்.

போஸ்டர் உனக்கு ஞாபகம் இருக்கும். பெண்ணின் படம் சுவரில் ஒட்டுவது சரிவராது என்று என் படத்தைப் போட்டு அதற்குக் கீழே அவள் பேரைப் போட்டார்கள். ஸ்டூடியோக்காரன் என் வழுக்கையில் கொஞ்சம் மயிரும் வளர்த்திருந்தான். சவளக்கடையிலிருந்து மகளின் கலியாணத்துக்குச் சீலை எடுக்க வந்த ஒரு வயற்காரர் கடைச் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் தம்பி, உனக்கு அம்மா அப்பா வெச்ச பேரா இது? பொம்புளப் பேரெல்லோ?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. இரவுச் சோற்றுக்கு இருந்தபோது உம்மாவிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வருசம் கேம்ப்ல என்ட முகத்தப் பார்த்த சனம். இப்ப மட்டும் பார்த்தா என்னவாம்?" என்றாள். நான் சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் மீன் ஆணம் ஊற்றச் சொன்னேன்.

அவள் வென்றாள். நான் மெம்பரானேன்! சிரிக்காதே, ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. சபையில் கொடுத்த நம்பர் என்னுடையது. காலையில் தண்ணி வரவில்லை என்றாலும், தெரு லைட் எரியவில்லை என்றாலும் என் சட்டைப் பைக்குள்தான் அடிக்கும். "சொல்லுங்க, மெம்பர்தான்" என்று எடுப்பேன். முடி வெட்டப் போனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழும்பி இடம் விட்டார்கள். வெள்ளைச் சேட்டு தைத்தேன். உம்மா என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வீடு வீடாகப் போவாள். கான் அடைத்துக் கழிவுத் தண்ணி நின்ற ஒழுங்கைக்குள் இறங்கிப் பார்ப்பாள், விதவைகளின் மனுக்களை எழுதுவாள், பஸ் ஸ்டாண்டில் பெண்கள் ஒதுங்க இடம் கேட்டுச் சண்டை பிடிப்பாள். நான் வேப்பமரத்தடியில் ஹெல்மெட்டோடு நிற்பேன். போகிறவன் வருகிறவன் எனக்கு ஸலாம் சொல்லுவான். வீடு அவளுடையது, அவள் வாப்பா கட்டிக் கொடுத்தது. ஓட்டு அவளுக்கு விழுந்தது. கதிரையும் அவளுடையது. என்னுடையது அந்த ஃபோன் மட்டும். அதை வைத்துக்கொண்டு நான் ஆண்டேன். முதல் கூட்டத்துக்கு அவளுக்குப் பேச்சும் எழுதிக் கொடுத்தேன், "பெருமதிப்புக்குரிய" என்று நாலு இடத்தில் போட்டு. கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, அங்கே போய்த் தன் சொந்தப் பேச்சைப் பேசினாள். வரும்போது, "உங்கட பேச்சு நல்லம், சபைக்குத்தான் சரியில்ல" என்றாள்.

அவள் சபையில் தனக்கென்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தனக்கு என்று அதையும் சொல்லவில்லை. மழைக்கு மழை கடல் மையவாடிப் பக்கம் கரையைத் தின்றுகொண்டு வந்தது. அந்தப் பக்கம் கருங்கல் போட வேண்டும் என்று பிரேரணை கொடுத்தாள். அறிமுகப்படுத்திய அன்று ஒருவர் எழும்பி, "மையவாடிக்கே போகாத ஆக்கள் மையவாடிக்குக் கல்லுக் கேக்கிறாங்க" என்று நக்கலடித்தார். உம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள். "நீங்க நினைச்ச நேரம் போய்ப் பாக்கலாம். எங்களுக்கு ஏலாது. அது அங்க இரிக்கு எண்டு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு ராவையில நித்திரை வரும்." அந்த மனுசன் உட்கார்ந்துவிட்டார். தன் பிள்ளை அங்கே இருக்கிறாள் என்று அவள் ஒரு சொல் விடவில்லை. அது தெரியாத ஆளும் அந்த மண்டபத்தில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முந்தி ஹாஜியார் கோல் எடுத்தார். "மெம்பர், இந்த முறை ஒரு வேலைக்குத்தான் வசதி. பொடியனுகள் பிளே கிரவுண்டுக்கு மேடை கேக்கிறானுகள். கல்லு அடுத்த வருசம் பார்ப்பம். உங்கட வீட்டுல கொஞ்சம் சொல்லிடுங்க" என்றார். நான், "ஓம் ஹாஜியார், அத நான் பார்த்துக்கொள்றன்" என்றேன். நான் மறந்துபோய் அவளுக்குச் சொல்லாமல் விடவில்லை, மகன். மறந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சொன்னால் அவள் மாட்டேன் என்பாள், பிறகு ஹாஜியாரிடம் என் பேச்சு கீழே போகும். கூட்டத்துக்குப் போய் நிலைமையைப் பார்த்தால் அவளே விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன். வெள்ளைச் சேட்டை அயன் பண்ணினேன்.

பொதுமக்கள் இருந்து பார்க்கிற வாங்கில் நான் இருந்தேன். உம்மா கடுதாசியோடு எழும்பினாள். தலைமைக் கதிரையில் இருந்தவர், "உங்கட வீட்டுக்காரர் ஹாஜியாருக்கு ஓம் எண்டு சொல்லியாச்சே, மறுகா என்னத்துக்கு இது?" என்றார். மண்டபம் சிரித்தது. உம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மடியில் இருந்த ஹெல்மெட்டைத் துடைத்தேன். ஒரு சொல் போதும் அவளுக்கு. அவர் மெம்பர் இல்லை, நான்தான் மெம்பர் என்றால் சட்டமும் அவள் பக்கம், ஊரும் அவள் பக்கம். ஆனால் அப்படிச் சொன்னால் நான் அந்த வாங்கிலிருந்து எழும்பி எப்படி வெளியே போவேன் என்று அவள் பார்த்தாள். என் முகத்துக்காக, "சரி, அடுத்த வருசத்துக்கு வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் எனக்கும் அவளுக்கும் இடையில் கைப்பையை வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து கையை நீட்டினாள். "இனி அந்த ஃபோன் என்னட்டயே இரிக்கட்டும்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. சண்டை பிடித்திருந்தால் நான் பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வருசம் கல்லுக்கு வசதி வரவில்லை. அதற்கடுத்து சபையின் காலமே முடிந்தது. மேடை கட்டினார்கள், நல்ல மேடை, இப்போதும் இருக்கிறது.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நான் மையவாடிக்குப் போய்த் தங்கச்சிக்கு ஸலாம் சொல்லி யாசீன் ஓதிவிட்டு வருவேன். ஒரு முறை உம்மா முற்றத்து வெள்ளைப் பட்டிப்பூச் செடிகளில் ஒன்றை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றித் தந்தாள். தலைமாட்டில் அடையாளத்துக்கு வைத்த மீசான் கட்டைக்குப் பக்கத்தில் நட்டேன், பிடித்துக்கொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள். "புள்ளைட இடம் எப்பிடி இரிக்கு?" நான், "ஓம், நல்லா இரிக்கு" என்பேன். "பூத்திரிக்கா?" என்பாள். "பூத்திரிக்கு" என்பேன். அவளுடைய மையவாடி என் வாய்க்குள்தான் இருந்தது, மகன்.

சபை கலைந்த வருசத்து மாரியில் ஒரு வெள்ளிக்கிழமை போனேன். தென்னை மரம் கடலுக்குள் சாய்ந்து கிடந்தது. அந்த வரிசை இல்லை. கட்டையில்லை, செடியில்லை, மண்ணே இல்லை. அலை வந்து வந்து போனது. நனைந்த சாரனோடு வீட்டுக்கு வந்தேன். உம்மா சோற்றைப் போட்டாள். "புள்ளைட இடம் எப்பிடி இரிக்கு?" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஓம், நல்லா இரிக்கு" என்றேன். அடுத்த வெள்ளியும் சொன்னேன். அதற்கடுத்த வெள்ளியும். ஒரு நாள் பொய்க்கு மினுக்கம் கூட்டப் போய், "வெள்ளையும் பூத்திரிக்கு, ஊதாவும் பூத்திரிக்கு" என்று அளந்துவிட்டேன். உம்மாவின் அகப்பை சட்டிக்கு மேல் நின்றது. பிறகு அவள் மீன் துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். நம் முற்றத்தில் ஊதாப் பட்டிப்பூ ஒரு நாளும் இருந்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவள் மௌத்தாகி மூன்றாம் நாள் ஓதலுக்கு வந்த பக்கத்து வீட்டு றபீக்கா ராத்தா, அழுகைக்கு நடுவில் என்னிடம் சொன்னாள். "கடல் எடுத்த அண்டு காலமையே நான்தான் ஓடி வந்து அவக்கிட்டச் சொன்ன தம்பி. சத்தம் போடல்ல. முற்றத்துல மிச்சம் நிண்ட பட்டிப்பூச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ளுக்குப் போனா."

ஆக, நான் சாரன் நனைய வந்து சொன்ன முதல் பொய்யே அவளுக்குப் பொய் என்று தெரியும். தெரிந்துகொண்டு இரண்டு மாரி காலம், ஒரு வெள்ளியும் தவறாமல் கேட்டிருக்கிறாள். என்னைப் பிடிக்கப் பார்த்தாள் என்று முதலில் நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அந்தக் கல்லுக்காக எழும்பியபோது சபையில் அவளுக்கு முழுசாகப் பேசக் கிடைக்கவில்லை. அவள் எனக்கு ஒவ்வொரு வெள்ளியும் எழும்பிப் பேச இடம் தந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு வெள்ளியும் சோற்றைப் பிசைந்திருக்கிறேன்.

மகன், வார வெள்ளிக்கிழமை நீ யாருக்கும் ஓம் சொல்லாதே. இல்லை என்றும் சொல்லாதே. ஷிபானாவுக்கு விருப்பமா என்று அவளிடம் கேள், பிறகு அவள் வாயாலேயே பதில் போகட்டும். அவள் வேண்டாம் என்றால் அதையும் அவளே சொல்லட்டும், நீ வாசலில் நின்று ஆளைத் திருப்பி அனுப்பாதே. தேர்தலில் நின்றாள் என்றால் நம்பர் அவளுடையதாக இருக்கட்டும். போஸ்டரில் அவள் முகம் போகட்டும். அது அவளுக்குச் சரிவராவிட்டால் வெறும் பேர் போகட்டும், உன் மூஞ்சி மட்டும் வேண்டாம், அது என் மூஞ்சியின் அச்சு. மோட்டார் சைக்கிளில் தாராளமாக ஏற்றிக்கொண்டு போ. வேப்பமரத்தடியில் நில், வெயிலுக்கு நல்லது. யாராவது உன்னை மெம்பர் என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே, நாலு பேர் கேட்க, "அவதான்" என்று கையைக் காட்டு. ஒரே ஒரு சொல். நான் அத்தனை வருசத்தில் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை.

கடைசி வெள்ளி அவள் கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் ஜும்ஆ முடிந்து நேராக அவளிடம் போனேன். நீ மருந்து எடுக்கக் கீழே போயிருந்தாய். முகத்தில் இருந்த ஒக்சிஜன் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். இந்த முறை இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பூவைப் பற்றிக் கேட்கவில்லை. "இஞ்ச பாருங்க, எனக்கு ஏதும் சொல்ல இரிக்கா?" என்றாள். நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். "ஓம், டொக்டர் நாளைக்குத் துண்டு வெட்டி வீட்ட விடுவாராம்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

நாக்கு நுனியில் இருந்தது வேறு. புள்ளையக் கடல் கொண்டுபொயிட்டுகா. கல்லு வேணாமெண்டு சொன்னது நான்.